பூந்தொட்டி குடித்த மருந்து

ஹலோ... ஏங்க, நான்தான். மெதுவாப் பேசுங்க. கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு, ஃபேனை ஃபுல்லா வெச்சுட்டுப் பேசுறேன்... வெளிய யாருக்கும் கேக்கக் கூடாதுல்ல, அதான்.

ஆமா... ஆமா, பேதி நின்னுடுச்சு. காய்ச்சலும் இல்ல. எழுந்து நின்னா லேசாத் தலை சுத்துது, அவ்வளவுதான்... அட, என் உடம்பை விடுங்க. தையல் ரூம் சாவியைக் காணோங்க! தலையணைக்கு அடியிலதான் வெச்சிருந்தேன். தூங்கி எழுந்து பாத்தா இல்ல... எலியா? எலி சாவியைத் தூக்கிட்டுப் போய் மிஷின் ஓட்டப் போகுதா? பேசுறீங்களே பேச்சு!

யார் மேல சந்தேகமா? எல்லார் மேலயும்தான். மேனேஜரம்மா காலையில வாசல்ல நின்னு எட்டிப் பாத்தாங்க. சிரிச்சாங்க... சிரிச்சா என்னவா? அந்தம்மா சும்மா சிரிக்கிற ஆளே இல்லீங்க. அப்புறம் அந்த டிரைவர், ஒட்டடைக்குச்சின்னு சொல்வேனே, அவன் என் ஜன்னலுக்கு நேரா வண்டியைக் கழுவிக்கிட்டு இருக்கான். நான் வந்த நாள்லேருந்து அந்த வண்டி தண்ணியைப் பாத்ததே இல்ல. இன்னிக்கு என்ன திடீர்னு குளிப்பாட்டல்? ஏர்போர்ட்டுக்குத்தான். என்னை ஏத்தி அனுப்பத்தான்!

ஆமா, அதான் இங்க ரூல். சேவை செய்ய வந்தவங்க உடம்புக்குன்னு படுத்தா ஊருக்கு அனுப்பிடுவாங்க. இருக்கிறதுலயே வயசானவ வேற நான்... முன்னாடி ஒரு தச்சர் வந்திருந்தாரே, மறந்துட்டீங்களா? காலையில இருமினாரு, சாயங்காலம் பெட்டியோட வாசல்ல நின்னாரு.

என்னது? ஊருக்குத் திரும்பி வந்தாத்தான் என்னவா? ம்ம், அதுக்குத்தானே காத்துக்கிட்டு இருக்கீங்க... இல்லீங்க, கேளுங்க. என்கிட்ட தையல் கத்துக்கிற பொம்பளைங்க இப்பத்தான் மிஷினை நேரா ஓட்டுறாங்க. சட்டைக்குக் கை தைக்கத் தெரிஞ்சுடுச்சு, பாக்கெட் தெரிஞ்சுடுச்சு, காலர்தான் பாக்கி. பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள அவங்க பிள்ளைங்களுக்கு அவங்களே யூனிஃபார்ம் தைக்கணும்னுதானே நான் இவ்வளவு தூரம் வந்தது? காலர் சொல்லித்தராம வண்டி ஏறினா, பட்ட பாடெல்லாம் ஆத்துல கரைச்ச புளிதான்.

சாப்பாடா? குழைஞ்ச சோறு. நர்ஸ் பொண்ணு கொண்டுவருது. கூடவே ஒரு டம்ளர் தண்ணி, கலங்கலா... நான் ஏன் குடிக்கிறேன்? தூக்க மாத்திரையைக் கரைச்சுக் குடுத்தா? நான் தூங்கினப்பத்தானே சாவி போச்சு! ஜன்னல்ல ஒரு பூந்தொட்டி இருக்கு. அதுல ஊத்திட்டேன்... எல்லா டம்ளரையும்தான். அந்தச் செடியைப் பாக்கணுமே, இலையெல்லாம் துவண்டு தொங்குது! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

உப்பா? உப்புத்தண்ணி ஊத்தினா எந்தச் செடியும் அப்படித்தான் ஆகுமா? சரி... ஆங்... சர்க்கரையும் இருக்குமா...

இருங்க. கலங்கல் தண்ணின்னுதானே நான் சொன்னேன். உப்பு சர்க்கரைன்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க? ...பொதுவாத் தெரியுமா? காப்பிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரைன்னு கல்யாணமான நாள்லேருந்து என்னைக் கேக்குற மனுஷனுக்கா பொதுவாத் தெரியும்?

இல்ல, பேச்சை மாத்தாதீங்க. இன்னொண்ணும் இருக்கு. முதல் டம்ளர்ல ஆரஞ்சு வாசனை வந்துச்சு. அடுத்த டம்ளர்ல இல்ல. நான் யார்கிட்டயும் வாய் திறக்கல. ஆரஞ்சு வாசனை எனக்குக் குமட்டும்னு இங்க யாருக்குத் தெரியும்? உலகத்துலயே ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்... சொல்லுங்க. யார் போன் பண்ணினாங்க?

மேனேஜரம்மாவா? நேத்தா? நேத்து சாயங்காலம் என்கிட்ட அவ்வளவு நேரம் பேசினீங்களே, ஒரு வார்த்தை? அமுக்குணி! அனுப்பி வெச்சுடுங்கன்னு சொல்லிட்டீங்க, அதானே? கிளம்புற அன்னிக்கே முகத்தை உம்முனு வெச்சுக்கிட்டு நின்னவர்தானே நீங்க. கட்டின பொண்டாட்டி காலை வாரணும்னு எத்தனை நாளா...

என்ன? ...இன்னொரு தடவை சொல்லுங்க.

டிக்கெட் போடவான்னு அவங்க கேட்டாங்க... வேணாம்னு சொன்னீங்களா? நீங்களா? ...காலரை முடிக்காம வந்தா இங்கயும் படுக்க மாட்டா, புலம்பியே சாவான்னா? ...சாவியை மட்டும் ஒளிச்சு வெச்சுடுங்க, தானாப் படுப்பான்னு... ம்... ம்.

...இல்ல, லைன்லதான் இருக்கேன். அழல... ஆமா, அழறேன், இப்ப என்ன அதுக்கு? தனியாக் கிடந்து அல்லாடுறீங்க. என்னைத் திரும்பக் கூட்டிக்க ஒரு சாக்கு தானா வந்து கையில விழுந்திருக்கு, அதைப் போய் வேணாம்னு... போங்க!

சரி, அப்ப அந்த வண்டி? ...கடைக்கா? காலருக்கு உள்ள வைக்கிற கேன்வாஸ் துணி வாங்கவா? இங்க கிடைக்கலைன்னு உங்ககிட்டதான் புலம்பினேன்... அதையும் சொல்லிட்டீங்களா! நான் இங்க இருக்கேனா, நீங்க இங்க இருக்கீங்களா?

இருங்க, கதவு தட்டுறாங்க... நர்ஸ் பொண்ணுதான். ஒரு கையில டம்ளர். இன்னொரு கையில... ஏங்க, சாவிங்க! டம்ளரைக் காட்டுது, சாவியைக் காட்டுது, மறுபடி டம்ளரைக் காட்டுது. குடிச்சாத்தான் தருமாம்... இந்த வித்தையும் உங்க வேலைதானா? சிரிங்க, சிரிங்க. குடிக்கிறேன். வெச்சுடாதீங்க... ம்... ம்... ஐய, கடல் தண்ணி தோத்துச்சு! ...காலி பண்ணிட்டேன், ஒரு சொட்டு இல்ல... நாளைக்கா? நாளைக்குக் காலர்தான். உக்காந்துக்கிட்டே சொல்லித்தரேன், சத்தியமா.

ஏங்க... நீங்க சாப்பிட்டீங்களா? ...என்ன சாப்பிட்டீங்க? ...அதென்ன யோசிச்சு யோசிச்சுச் சொல்றீங்க? குரலும் கரகரன்னு இருக்கே... தூசியா? வீட்டுக்குள்ள ஏது தூசி? பக்கத்து வீட்டுக்காரம்மா நம்பர் என்கிட்ட இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்... ஹலோ? ...ஏங்க? ...ஹலோ?

வெச்சுட்டாரு. இரு, இரு... இந்தாம்மா, டம்ளரைப் பிடி. ஹலோ, பக்கத்து வீட்டம்மாவா? நான்தான் பேசுறேன்... அவருக்குத் தெரிய வேணாம். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.