விசில் டீச்சரும் இரண்டாவது வாசலும்

மேடையில் இடம் கிடைத்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, இடம் கிடைக்காமல் முன்வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் அதைவிடப் பெரியோர்களே, நகர மன்றத் தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் டெப்போ குடியிருப்பின் தாய்மார்களே, எல்லோருக்கும் மேலாக, நம் விசில் டீச்சரின் வீட்டுக்காரரே, அவருடைய மகளே! கனத்த மனதோடும் கனத்த உடம்போடும் உங்கள் முன் நிற்கிறேன். வணக்கம்.

என்னைச் சுருக்கமாகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முன் பேசியவர்களிடமும் அதையேதான் சொன்னார்களாம். நீங்கள் நம்ப மாட்டீர்கள். மேடையில் உட்கார்ந்ததிலிருந்து என் முதுகில் ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது. சீக்கிரம் எழுந்து பேசச் சொல்லித் தலைவர்தான் முழங்கையால் குத்துகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் அவர் எனக்கு இடப்பக்கம் இருக்கிறார். இடித்தது என்னவென்று பிறகு சொல்கிறேன்.

மன்றத்தில் டீச்சருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அவரைப் பற்றிப் பேச எனக்கிருக்கும் ஒரே தகுதி அதுதான். வேறு எதில் நான் அவருக்குப் பக்கத்தில் வர முடியும்? அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர்; ஓய்வு பெறும் நாள் வரை பிள்ளைகளை ஓட வைத்து, தானும் கூடவே ஓடியவர். நான் துணிக்கடைக்காரன். என் இடுப்பைச் சுற்றி வருவதற்குள் என் கடை அளவு நாடாவே பாதியில் மூச்சு வாங்கும். ஓய்வு பெற்றவர், தேர்தலில் நின்று ஜெயித்து மன்றத்துக்கு வந்தார். பள்ளிக்கூடத்துப் பொருட்களையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தார். கழுத்தில் தொங்கிய விசிலை மட்டும் விடவில்லை. ஊருக்கு அவர் விசில் டீச்சர். எனக்கு அக்கா.

முதல் நாள் கூட்டத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் புகழ்ந்துகொண்டிருந்தோம். அக்கா எழுந்தார்.

"தலைவரே, இந்த ஹால்ல தீப்பிடிச்சா எந்தப் பக்கமா வெளிய போகணும்?"

அப்போது இருந்த தலைவர் வேறொருவர். சிரித்துவிட்டார். "இங்க நாங்க பேசற பேச்சுக்கு நெருப்பு தானா தூங்கிடும் டீச்சர். உக்காருங்க."

"சிரிச்சு முடிச்சுட்டுத் திரும்பிப் பாருங்க. ரெண்டாவது கதவு முன்னாடி பீரோ நிக்குது."

ஆமாம், நின்றது. எங்களுக்கு முந்தைய மன்றத்தார் வைத்த பீரோ. சாவி எங்கே என்று கேட்டால் பீரோவுக்குள் இருக்கிறது என்பார்கள். அதை நகர்த்த ஒரு குழு அமைக்கலாம் என்றார் தலைவர். அந்தக் குழுவில் என்னையும் போட்டார்கள். குழு கூடவே இல்லை. நான் இருக்கும் குழுக்களின் வழக்கம் அது.

அடுத்த கூட்டத்தில் நான் வடிகால் பற்றி உரையாற்றிக்கொண்டிருந்தேன். அந்த உரையை நீங்கள் யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். அன்றைக்கு உள்ளே இருந்தவர்களும் கேட்கவில்லை. திடீரென்று காதைப் பிளந்தது ஒரு விசில்! "எல்லாரும் வெளிய!" என்று அக்காவின் குரல். நாங்கள் எழுந்து ஓடினோம். இருந்த ஒரே வாசலுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் இருவர். ஒருவர் தலைவர். இன்னொருவர், சொல்லவும் வேண்டுமா, அடியேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாசலுக்குள் நுழைந்தோம். நுழைந்ததோடு சரி! அவராலும் நகர முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ளத் தள்ள, நாங்கள் இன்னும் நன்றாகச் சிக்கிக்கொண்டோம்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு உள்ளேயே நின்றிருந்தார். "இது நெஜத் தீயா இருந்திருந்தா, உங்க ரெண்டு பேரையும் தக்கையா வெச்சு மொத்த மன்றத்தையும் அடைச்சாச்சு" என்றார். பிறகு ஒரு வாக்கியம் சொன்னார். அவருடைய மாணவிகள் எல்லோருக்கும் மனப்பாடமான வாக்கியம். "ஓடாதீங்க. நடங்க. வழி இருக்கு." அன்றைக்கு அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்: "வழி இருந்தா நடக்கலாம். இல்லைன்னாதான் ஓடத் தோணும்."

மறுநாள் பீரோ அங்கே இல்லை. தீர்மானம் இல்லை, பார்வையிட அதிகாரி இல்லை, ஒன்றும் இல்லை! தலைவருக்கு விலா வலித்தது, பீரோ நகர்ந்துவிட்டது. நிர்வாகம் என்றால் என்னவென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

மன்றத்தில் மட்டும்தான் இப்படியா? கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் மண்டபத்தின் இன்னொரு வாசலைப் பார்ப்பார். தன் வீட்டுச் சமையலறையில் இருந்த அலமாரியைப் பெயர்த்துவிட்டு அங்கே பின்வாசல் வைத்தார். அவருடைய வீட்டுக்காரரை, லாரி ஓட்டி ஓய்வு பெற்றவரை, நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் அவர் என்னிடம் புலம்பினார்.

"பின்வாசல் வெச்சு என்ன பிரயோஜனம் மாப்ள? இத்தனை வருஷத்துல தீயும் வரல, திருடனும் வரல. பக்கத்து வீட்டுப் பூனைதான் சொந்தக்காரன் மாதிரி வந்து சாப்பிட்டுட்டுப் போகுது."

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தார். "பூனைக்குத் தெரிஞ்சது கூட உங்களுக்குத் தெரியலையே!"

மாமா சிரிக்கிறார். சிரியுங்கள் மாமா. அழுவதற்கு வீட்டில் நிறைய நேரம் கிடைக்கும்.

இப்போது டெப்போ குடியிருப்புக்கு வருகிறேன். பஸ் டெப்போவை ஒட்டி நம் மன்றம் கட்டிக் கொடுத்த மாடி வீடுகள். முன்னால் ஒரு படிக்கட்டு, பின்னால் ஒரு படிக்கட்டு. பின்பக்கத்தை யாரும் படிக்கட்டாக நினைத்ததில்லை. கட்டில், உடைந்த சைக்கிள், ஓடாத வாஷிங் மெஷின், யாருடையது என்று யாருக்கும் தெரியாத ஒரு கதவு. எல்லாம் அங்கேதான். சாமான்களை அகற்றாவிட்டால் நடவடிக்கை என்று மன்றம் சுவரில் எழுதி வைத்தது. எழுதிய மறுநாள் அந்த எழுத்தை மறைத்து ஒரு மெத்தை சாய்ந்திருந்தது.

அக்கா போனார். பையைத் தூக்க நானும் போனேன். மூன்றாவது மாடியில் ஒரு தையல்காரம்மா. இதோ, சுவரோரம் நிற்கிறாரே, அவர்தான்.

"ஏம்மா, இது மாடிப்படியா, பரணா?" என்றார் அக்கா.

"நீங்களே உள்ள வந்து பாருங்க டீச்சர். நாங்க அஞ்சு பேரு, மெஷினு, மாமியார் கட்டிலு. இந்தக் கட்டிலை எங்க வைக்கட்டும்? என் தலையிலயா?"

அக்காவிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அடுத்து விசில்தான் என்று காதைப் பொத்தத் தயாரானேன். அக்கா ஊதவில்லை. உள்ளே போனார், வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு சுற்றுதான் வந்தது, அதற்குமேல் வீடு இல்லை. வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "தப்பு இவங்க மேல இல்ல தம்பி. வைக்க எடம் குடுக்காம 'எடுத்துடு'ன்னு சொன்னா அது உத்தரவு இல்ல, திட்டு."

அடுத்த கூட்டத்தில் கீழே காலி இடத்தில் ஒரு கொட்டகை கேட்டார். வீட்டுக்கொரு தடுப்பு, தடுப்புக்கொரு பூட்டு. எப்போதும் தீ, வாசல் என்று பேசுகிறவர், பழைய கட்டிலுக்கு வீடு கேட்கிறாரே என்று சிலர் சிரித்தார்கள். கொட்டகை வந்தது. ஒரு வாரத்தில் படிக்கட்டு காலியானது. யாருமே சொந்தம் கொண்டாடாத அந்தக் கதவுக்குக்கூட ஒரு சொந்தக்காரர் கிடைத்தார்.

பிறகு ஒரு மத்தியான நேரம். முன்படிக்கட்டுக்குக் கீழே மின்சார மீட்டர் பெட்டி புகைந்தது. புகை முழுக்கப் படியேறியது. எல்லோரும் பின்பக்கமாக இறங்கினார்கள். தையல்காரம்மாவும் அவருடைய மகனும் மாமியாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. எப்படி எழுதும்? என்ன நடந்தது என்று எழுதும்? நடந்த விபத்துக்கு நினைவுத் தூண் வைக்கிறோம். நடக்காமல் போன விபத்துக்கு யார் என்ன வைப்பது?

அந்தப் படிக்கட்டைத்தான் இப்போது அடைக்கப் போகிறோம்.

தலைவர் நெளிகிறார். இரங்கல் கூட்டத்தில் அரசியல் வேண்டாமே என்று காதோடு சொல்கிறார். தலைவரே, இது அரசியல் இல்லை, படிக்கட்டு. பின்படிக்கட்டை அடைத்து, கீழே இரண்டு கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்று ஒரு தீர்மானம். கெட்ட எண்ணத்தில் கொண்டு வந்தது இல்லை. அங்கே ஒரு மருந்துக் கடை வேண்டுமென்று இதே தாய்மார்கள்தான் கேட்டார்கள். அக்காவும் கடை வேண்டாம் என்று சொன்னதில்லை. "கடைக்கு டெப்போ மதில் ஓரமா எடம் இருக்கு. படிக்கட்டை எங்க தூக்கிட்டுப் போவீங்க?" என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்தார், விவாதம் நீண்டது, தீர்மானம் தள்ளிப்போனது. வரும் கூட்டத்தில் மறுபடியும் வருகிறது. அக்கா இல்லாத மன்றத்தில் இரண்டு பக்கமும் சமம். சமமானால் தலைவர் கைதான் முடிவு.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவரைப் பார்த்தபோது பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

"பழம் இருக்கட்டும். அந்தக் கோடிக் கதவு தெறக்குதான்னு பாத்துட்டு வா."

போய்த் திறந்து பார்த்தேன். நர்ஸிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "தெறக்குதுக்கா" என்றேன்.

"சரி, இப்ப உக்காரு." நாற்காலியைக் காட்டினார். பிறகு, "ஓட்டெடுப்புல நீ எப்பவும் என் கையைப் பாத்துட்டுத்தான் உன் கையைத் தூக்குவே. இனிமே யாரைப் பாப்பே?"

"நீங்க வந்துடுவீங்கக்கா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா, தடியா."

மேடை கிடைத்தால் இறங்காத நான், அன்று பழத்தை உரித்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பதிலைச் சொல்லத்தான் இங்கே வந்தேன்.

அதற்கு முன், என் முதுகில் இடித்தது என்னவென்று சொல்கிறேன். இந்தச் சமூகக்கூடத்துக்கு ஒரே வாசல்தான் இருந்தது. இரண்டாவது கதவைக் கேட்டு வாங்கியவர் அக்கா. அந்தக் கதவு எங்கே? எல்லோரும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். காணோம் அல்லவா? இதோ, மேடைக்குப் பின்னால், இந்த வெள்ளைத் துணிக்குப் பின்னால், அக்காவின் இவ்வளவு பெரிய படத்துக்குப் பின்னால் இருக்கிறது. படத்தின் ஓரமாகத் துணியைத் துருத்திக்கொண்டு என்னை இடித்தது அதன் கைப்பிடி!

படத்தை அங்கே வைக்கச் சொன்ன அறிவாளி யார்? ஏற்பாட்டுக் குழுவில் நான்தான். "எங்க வெக்கலாம்?" என்று கேட்டார்கள். "நடுவுல, நல்லாப் பெருசா" என்றேன். விசில் டீச்சரை வைத்தே விசில் டீச்சரின் கதவை அடைத்த பெருமை என்னைச் சேரும். அவர் மட்டும் இங்கே இருந்திருந்தால்! இந்தக் கூட்டமே நடந்திருக்காது. முதல் பேச்சாளர் மைக்கைத் தொடுவதற்குள் நாம் எல்லோரும் தெருவில் நின்றிருப்போம்.

ஆகவே நண்பர்களே, எழுந்து நின்று மௌனம் காக்கப் போவதில்லை. சத்தத்தில் வாழ்ந்தவருக்கு மௌனம் எதற்கு? தலைவரே, வாருங்கள். படத்தின் அந்தப் பக்கத்தை நீங்கள் பிடியுங்கள், இந்தப் பக்கம் நான். யோசிக்காதீர்கள், எல்லோரும் பார்க்கிறார்கள். பிடித்துவிட்டார்! அப்படியே தூக்குங்கள். தாய்மார்களே, தலைவர் கை தூக்குவதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வரும் கூட்டத்தில் அந்தப் படிக்கட்டுக்காக இந்தக் கைதான் உயர வேண்டும். மருந்துக் கடைக்கு மதிலோரத்தில் இடம் கேட்கும் தீர்மானத்தை நான் கொண்டுவருகிறேன். என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கும். பார்த்துத் தூக்க எனக்குக் கை கிடையாது. என் கையை நானே தூக்குவேன். இதுதான் அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில்.

துணியை விலக்குங்கள். கதவு திறக்கிறதா? திறக்கிறது. வெளிச்சம் வருகிறது பாருங்கள்.

மாமா, அது சட்டைப் பையில்தானே இருக்கிறது? எடுங்கள். என்ன, ஊதத் தெரியாதா? சரிதான், இத்தனை வருடம் கேட்டுத்தானே பழக்கம். பரவாயில்லை, வந்த வரைக்கும் ஊதுங்கள்.

கேட்டதா? இது போதும். எல்லோரும் எழுந்திருங்கள். சுவரோரம் நிற்பவர்கள் முதலில். நானும் தலைவரும் கடைசியில் வருகிறோம், தனித்தனியாக.

ஓடாதீங்க. நடங்க. வழி இருக்கு.