அறுபத்தொரு கிலோ இருநூறு

தாட்சாயினி: குளியலறைக் கதவைத் திறவடா! ஒரு மணித்தியாலமா சுடுதண்ணி ஓடுது.

மிதுசன்: திறந்தா ஆவி போயிடும், அக்கா. எனக்கு வேர்க்க வேணும்.

தாட்சாயினி: மூண்டு சுவெற்றரும் போட்டுக்கொண்டு ஆவிக்குள்ளை... விசரே உனக்கு? வா, புட்டு அவிச்சிருக்கிறன்.

மிதுசன்: அஞ்சு மணிக்கு நிறுவை! அறுபத்தொரு கிலோ இருநூறுக்கு மேலை போகேலாது.

தாட்சாயினி: இப்ப எவ்வளவு?

மிதுசன்: அறுபத்திரண்டு.

தாட்சாயினி: ஒரு வாய் புட்டு என்ன பெரிய நிறையே?

மிதுசன்: ஐயோ... எத்தினை தரம் சொல்லுறது? கூடினா நாளைக்கு டேமியனோடை அடிபட விடமாட்டினம்.

தாட்சாயினி: விடாட்டி என்ன குறைஞ்சு போச்சு?

மிதுசன்: ஸ்கொட்லாந்து லைட்வெயிட் குத்துச்சண்டைச் சம்பியன், அக்கா, நான். நாலு வருசம்!

தாட்சாயினி: மார்கழியிலை பறிகுடுத்திட்டாய்.

மிதுசன்: அதைத்தான் திரும்ப எடுக்கப் போறன். இஞ்சை வெண்டாத்தான் பட்டத்துக்கு விடுவினம். உங்கடை லா சப்பெல் தமிழ்க் கடையளிலையெல்லாம் என்ரை படம் ஒட்டிக்கிடக்கு, நீ புட்டோடை நிக்கிறாய்.

தாட்சாயினி: ஒன்பது வயசிலை அம்மா உன்னைச் சித்தப்பாவோடை கிளாஸ்கோவுக்கு அனுப்பினது படிக்க.

மிதுசன்: படிக்கத்தான் போனனான். பள்ளிக்கூடத்திலை அடிச்சாங்கள். பதின்மூண்டு வயசிலை கையுறை போட்டன். பிறகு ஒருத்தனும் தொடேல்லை.

தாட்சாயினி: ஓம், இப்ப ரிக்கெற் வித்தெல்லோ அடிக்கிறாங்கள்.

மிதுசன்: பத்தொன்பது ஆட்டத்திலை பதினேழு வெற்றி!

தாட்சாயினி: மற்ற ரெண்டும்?

மிதுசன்: ஒண்டு பிழைத் தீர்ப்பு.

தாட்சாயினி: மார்கழி ஆட்டம்?

மிதுசன்: ...கால் வழுக்கினது.

தாட்சாயினி: வழுக்கேல்லை. ஃபோனிலை நாலு தரம் பாத்தனான். இடப்பக்கத்தாலை வந்த குத்தை நீ காணவேயில்லை.

மிதுசன்: நீ எப்ப தொடக்கம் கோச்?

தாட்சாயினி: நேற்றுத் தேத்தண்ணி நீட்ட, கோப்பையை விட்டிட்டு வெறும் காத்தைப் பிடிச்சனி.

மிதுசன்: நித்திரைத் தூக்கம்.

தாட்சாயினி: வெளியிலை வாடா எண்டுறன்!

மிதுசன்: வந்திட்டன்! போதுமே? தராசு எங்கை?

தாட்சாயினி: ஐயோ, உதடு வெடிச்சுப்போய்க் கிடக்கு. தண்ணியாவது குடியன்.

மிதுசன்: தண்ணியும் நிறைதான்! அக்கா, கெஞ்சிக் கேக்கிறன்... லா கூர்னெவ் மண்டபத்துக்கு இன்னும் ரயில் பிடிக்க வேணும்.

தாட்சாயினி: போகத் தேவையில்லை.

மிதுசன்: என்ன?

தாட்சாயினி: நிறுவையும் இல்லை, நாளைக்கு அடிபாடும் இல்லை. நீ தோய்க்கத் தந்த ஜக்கெற்றுக்குள்ளை கண் டொக்டரின்ரை கடிதம் கிடந்தது. என்ரை மகள் ஹரிப்பிரியாதான் இங்கிலீசை வாசிச்சுச் சொன்னவள்... அழுதுகொண்டு. இடக்கண் விழித்திரை கிழிஞ்சிருக்காம். இன்னொரு குத்து விழுந்தா பார்வை போயிடுமாம். நான் காலமையே ஆட்டம் நடத்திறவையளுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லிட்டன். ...ஏசடா. என்னை என்ன வேணுமெண்டாலும் சொல்லு.

மிதுசன்: ...மூண்டு மாசமா அதைக் காவிக்கொண்டு திரிஞ்சனான், அக்கா. நிப்பாட்டுறன் எண்டு என்ரை வாயாலை சொல்ல ஏலாமல் கிடந்தது. ஜக்கெற்றைத் தரேக்கை... கடிதம் உள்ளை கிடக்கோ எண்டு பாத்திட்டுத்தான் உன்னட்டைத் தந்தனான்.