பாதி ஆக்சிலேட்டர்

இல்லம்மா, சீட்டு கழண்டு விழல. இந்த மாதிரி பைக்குக்கு சீட்டே கிடையாது. வர்ற எல்லாரும் முதல்ல அதைத்தான் கேக்கறாங்க. ஃபோன்ல வீடியோ பார்த்தேன்னு சொன்னீங்கல்ல, அதுல சரியாத் தெரிஞ்சிருக்காது. நின்னுக்கிட்டேதான் ஓட்டணும். பாறை மேல ஏத்தணும், கட்டை மேல ஏத்தணும், பள்ளத்துல இறக்கணும், இதுல எங்க உக்கார்றது? கால் தரையில பட்டா ஒரு புள்ளி. விழுந்தாலோ ஏற முடியாம நின்னாலோ அஞ்சு. கடைசில யாருக்குப் புள்ளி கம்மியோ அவங்க ஜெயிச்சாங்க. வேகத்துக்கு இங்க மரியாதையே இல்ல.

உள்ள வாங்க. தலை பத்திரம், அந்த ஷட்டர் முழுசா மேல போகாது. எங்க வீட்டுக்காரர் பட்டறை இது. டூவீலர் மெக்கானிக். ரெண்டு மாசமா சும்மாதான் கிடக்கு. அந்த டயர் மேல உக்காருங்க, கறை ஒட்டாது. என் நம்பர் பல் டாக்டர் குடுத்தாரா? நல்ல ஆளு போங்க, பல்லைப் பிடுங்க வந்தவளை வண்டி வாங்க அனுப்பியிருக்காரு. எங்க கிளப்புலதான் ஓட்டறாரு. வேற ஏதாவது சொன்னாரா? இல்லையா. சரி.

நர்ஸா? டியூட்டி முடிச்சு நேரா வந்தீங்களா, அதான் இன்னும் வெள்ளை ஷூ. நீன்னு கூப்பிடலாம்ல? என்னைவிடப் பத்து வயசாவது சின்னவளாத்தான் இருப்ப. நான் கோடவுன்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறேன். நாள் பூரா உக்காந்தே ஓட்டறேன், அதனாலயோ என்னவோ நின்னு ஓட்டற வண்டின்னதும் ஆசை வந்துருச்சு.

முந்நூறு சிசி வாங்குன்னு யாராவது சொல்லியிருப்பாங்களே? அண்ணனா? அவரு ஓட்டறாரா? ஓட்டல. அதான். நீ கேக்காத. புதுசா வேலைக்குச் சேர்ந்தவன்கிட்ட எங்க கோடவுன்லயே பெரிய ஃபோர்க்லிஃப்டைக் குடுத்தா என்ன ஆகும்? சரக்கை ஒழுங்கா அடுக்கக் கத்துக்கறதுக்குள்ள சுவத்தை உடைச்சிருவான். இது இருநூத்தம்பது. உனக்கு இதுவே தாராளம். கத்துக்கறவங்களுக்கு வண்டி கொஞ்சம் சோம்பேறியா இருக்கணும். கை தப்பாத் திருகினாலும், என்னம்மா சொன்னன்னு ஒரு செகண்ட் யோசிச்சுட்டுத்தான் பாயணும்.

அதுக்குன்னு எங்க வீட்டுக்காரர் பண்ணது எல்லாத்தையும் காட்டறேன் பாரு. நல்லதைச் சொல்லாம விடக்கூடாது. இந்த மூடிக்குள்ள ஃப்ளைவீல் சுத்துது, அதுல ஒரு இரும்பு வளையம் சேர்த்து எடை ஏத்தியிருக்காரு. மெதுவாப் போறப்ப இஞ்சின் பொசுக்குன்னு அணைஞ்சு போகாது. முன்னாடி பல்சக்கரம் ஒரு பல்லு கம்மி, அதனால முதல் கியர்ல எறும்பு மாதிரி ஊரும். கிளட்ச் லீவர் சின்னது, என் விரல் சின்னதுங்கறதால. ஹேண்டில்பார் எந்த உயரத்துல வரணும்னு பார்க்க, என்னை வண்டி மேல நிக்க வச்சு, அளவு டேப்பை வாயில கடிச்சுக்கிட்டு, முழங்கையில இருந்து எத்தனை, முட்டியில இருந்து எத்தனைன்னு சுவத்துல சாக்பீஸ்ல எழுதுவாரு. தோ, இன்னும் அழியல பாரு. மொத்தம் மூணு ஞாயித்துக்கிழமை. ஒரு துணி தைக்கிறவர்கூட என்னை அப்படி அளந்ததில்ல. கல்யாணமாகி பதினாலு வருஷத்துல அவரு என்னை அவ்வளவு உத்துப் பார்த்தது அப்பத்தான்னு என் தங்கச்சிகிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கேன்.

ரெண்டாவது வருஷம் விழுந்தேன். நல்லாவே விழுந்தேன். இந்த மணிக்கட்டுல பிளேட் இருக்கு, தொட்டுப் பாரு. நாலு மாசம் வண்டியே தொடல. திரும்ப வந்தப்ப வண்டி இன்னும் சாதுவா இருந்துச்சு. கேட்டேன். சர்வீஸ் பண்ணேன்னாரு. நான் வேற என்ன நினைப்பேன்?

அதுக்கப்புறம் மூணு வருஷம் ஒரே கல்லு. நாங்க ஓட்டறது ஒரு பழைய கல்குவாரில. அங்க இடுப்பு உசரத்துக்கு நட்டுக்கா ஒரு கல்லு நிக்கும். மாமியார்னு பேரு வச்சிருக்காங்க. என்ன பண்ணாலும் மசியாதுல்ல, அதான். மத்ததெல்லாம் எனக்கு வந்துருச்சு. ஓடை, கட்டை, சறுக்குப் பாறை, எல்லாத்துலயும் காலே ஊண மாட்டேன். மாமியார்கிட்ட மட்டும் முன் சக்கரம் மேல போகும், பின் சக்கரம் அடியிலயே நின்னு அழும். ஒவ்வொரு போட்டிலயும் அந்த அஞ்சு புள்ளில தோப்பேன். ஞாயிறு தவறாம காலைல ஆறு மணிக்குப் போய் அதே கல்லுல முப்பது தடவை, நாப்பது தடவை. அவரு கல்லு மேல உக்காந்து டீயைக் குடிச்சிட்டே பார்ப்பாரு. உனக்கு மணிக்கட்டு டைமிங் வரல, இன்னும் பயிற்சி பண்ணும்பாரு. வீட்டுக்கு வந்து அவரே தைலம் தேய்ச்சு விடுவாரு. ஒரு நாள் தேய்க்கறப்ப அழுதுட்டேன். ஒவ்வொருத்தருக்கும் ஒரு எல்லை இருக்கும்மா, அதுக்கு ஏன் அழறன்னு கண்ணைத் துடைச்சு விட்டாரு.

அந்த விரல்தான் அந்த வேலையையும் பண்ணியிருக்கு. சொல்றேன் இரு.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை, அவரு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க வெளியூர் போயிருந்தாரு. நான் மட்டும் குவாரிக்குப் போனேன். போன அரை மணி நேரத்துல கிளட்ச் லீவர் உடைஞ்சு போச்சு. மூஞ்சியைத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தேன். பல் டாக்டர்தான், என் வண்டில ரெண்டு ரவுண்டு போங்கன்னு குடுத்தாரு. அதுவும் இருநூத்தம்பதுதான், இதே கம்பெனி, இதே வருஷம். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பழக்கத்துல ஆக்சிலேட்டரைத் திருகிப் பார்த்தேன். கை திரும்புது… திரும்பிட்டே போகுது. என் வண்டில பாதில வந்து நிக்கும். விழறதுக்கு முன்னாடி பயத்துல நான் பாதிக்கு மேல திருகினதே இல்ல, அதனால எல்லா வண்டியும் அப்படித்தான்னு நினைச்சிருந்தேன். வேற வண்டியை நான் தொட்டதே இல்லியே.

மாமியார்கிட்ட போனேன். எப்பவும் போலத்தான் முட்டியை மடக்கினேன், எப்பவும் போலத்தான் கிளட்சை விட்டேன். மேல நிக்கிறேன்! கால் ஊணல. கீழ பார்த்தா பல் டாக்டர் கை தட்டறாரு. எனக்குச் சந்தோஷம் வரலம்மா. இறங்கி வந்து, என் வண்டில என்ன பண்ணி வச்சிருக்காரு, உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். மனுஷன் கண்ணாடியைக் கழட்டி, சுத்தமா இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிச்சாரு.

வீட்டுக்கு வந்து இதே இடத்துல வச்சு கார்ப்ரேட்டர் மூடியைத் திறந்தேன். அந்த அளவுக்கு எனக்கு வேலை தெரியும், அவரு கத்துக் குடுத்ததுதான். உள்ள ஸ்பிரிங்குக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. என் சுண்டுவிரல்ல பாதி இருக்கும். அது இருந்தா ஆக்சிலேட்டர் பாதிக்கு மேல திறக்காது. அவ்வளவுதான் விஷயம். ஆனா அதை எப்படிச் செஞ்சிருந்தாரு தெரியுமா? ரெண்டு முனையையும் உப்புத்தாள் போட்டு வழவழன்னு தேய்ச்சிருந்தாரு. கேபிள் உரசி அறுந்துறக்கூடாதுன்னு. அவ்வளவு அக்கறையா ஏமாத்தியிருக்காரு மனுஷன்.

கோபமா? கோபம் அப்புறம் வந்துச்சு. முதல்ல அந்த ஞாயித்துக்கிழமை எல்லாம்தான் வந்துச்சு. நூத்தம்பது ஞாயிறு இருக்கும். ஏற முடியாதுன்னு தெரிஞ்சே கல்லு மேல உக்காந்து டீ குடிச்சிருக்காரு.

இல்ல, கேக்கல. திரும்ப உள்ள வச்சு மூடினேன். அவரா சொல்லட்டும்னு. நீ விழுந்ததைப் பார்த்துப் பயந்துட்டேன், அதான் போட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் அழுது முடிச்சிட்டு விட்டிருப்பேன். பயம்னா எனக்குப் புரியாதா? அந்தக் குழாயும் தப்பில்ல, கத்துக்கறவளுக்கு நல்லதுதான். என் திறமைக்கு ஏத்த மாதிரி வண்டியை மாத்தினாரு, சரி. அதுக்கப்புறம் நான் வளர்ந்தேன்ல? வண்டியை வளர விடலியே. என் எல்லை எதுன்னு அவரு பிளேடால வெட்டி உள்ள வச்சிட்டு, அதை என் மணிக்கட்டு மேல பழி போட்டாரு.

மூணு தடவை வாய்ப்பு குடுத்தேன். முதல் தடவை, வண்டில இழுவை இல்ல போலிருக்கேன்னேன். வண்டில ஒண்ணும் இல்லன்னாரு. ரெண்டாவது தடவை, கார்ப்ரேட்டரைத் திறந்து பார்க்கலாமான்னேன். கெடுத்துறாதேன்னாரு. என் மூஞ்சியைப் பார்த்தே சொன்னாரு. மூணாவது, போட்டிக்கு முந்தின வாரம். தோசை ஊத்திக் குடுத்துட்டே… சாப்பிட்டுட்டு இருந்தாரு, சொன்னேன். இந்த வருஷத்தோட நிறுத்திக்கறேங்க, எனக்குத் திறமை இல்லன்னு தெரிஞ்சு போச்சுன்னேன்.

அப்பவாவது சொல்லணும்ல? கை கழுவிட்டு வந்து என் தலையைத் தடவினாரு. நல்ல முடிவு, நானே சொல்லணும்னு இருந்தேன்னாரு. அவரு மூஞ்சில ஒரு நிம்மதி. பரீட்சை முடிஞ்ச மாதிரி. அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினாரு.

போட்டி அன்னிக்கு காலைல, அவரு குளிக்கப் போன நேரம் பார்த்து, மூடியைத் திறந்து குழாயை எடுத்து ஜாக்கெட் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். அஞ்சு நிமிஷ வேலை. என் எண்ணம் ஒண்ணே ஒண்ணுதான். அவரு கண்ணு முன்னாடி மாமியார் மேல ஏறி நிக்கணும். இறங்கி வந்து குழாயை அவரு உள்ளங்கையில வைக்கணும். ஒரு வார்த்தை பேசக்கூடாது. அதை எத்தனை தடவை மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்திருப்பேன்.

ஏறல. அன்னிக்கு நான் ஓட்டவே இல்ல.

ஆமா, ஹேண்டில்பார் மட்டும் புதுசு. நல்லா கவனிக்கிற. பின் மட்கார்டும் புதுசுதான். மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, சொல்லிட்டுத்தான் விப்பேன். குவாரிக்குப் போனதும் வேன்ல இருந்து வண்டியை இறக்கறது அவரு வேலை. இறக்கி, சூடு பண்ணி, பக்கத்துல இருக்கிற திட்டு மேல ஒரு தடவை ஏத்திப் பார்த்துட்டுத்தான் என்கிட்ட குடுப்பாரு. ஆறு வருஷமா அப்படித்தான். பாதில நின்னுரும்னு அவரு கைக்குத் தெரியும்ல, அதனால யோசிக்காம ஒரே முறுக்கா முறுக்குவாரு. அன்னிக்கும் முறுக்கினாரு. வண்டி அப்படியே மல்லாந்து அவரு மேலயே விழுந்துருச்சு. தொடை எலும்பு ரெண்டு இடத்துல. உள்ள ராடு வச்சிருக்காங்க. ஆறு மாசம் ஆகுமா? நீ நர்ஸு, உனக்குத்தான் தெரியும்.

போட்டிப் பரபரப்பு பாரு, குழாயை எடுத்ததைச் சொல்ல மறந்துட்டேன். பல் டாக்டர்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்.

அவரு? அவரு கேக்கவே இல்ல. மெக்கானிக் அவரு, வண்டி மேல எழும்பின அந்த நொடியே புரிஞ்சிருக்கும். நானும் பேசல. சோறு பிசைஞ்சு குடுக்கறேன், துடைச்சு விடறேன், தூக்கி உக்கார வைக்கிறேன். உள்ள டிவி ஓடுது பாரு, அவருதான் பார்த்துட்டு இருக்காரு. வண்டியை வித்துரலாம்னேன். சரின்னாரு. அவ்வளவுதான் பேச்சு.

பிடிச்சிருக்கா? அப்ப எடுத்துக்கோ. அந்தக் குழாய் வேணும்னாலும் தர்றேன், முதல் ஒரு வருஷத்துக்கு உனக்கு அது நல்லது. ஆனா உன் கையால போடு, போதும்னு தோணறப்ப உன் கையால எடு. வேற யாரையும் மூடியைத் திறக்க விடாத, கூடப் பொறந்தவனா இருந்தாலும்.

இந்த பூட்ஸையும் போட்டுப் பாரேன். நமக்கு ஒரே அளவுதான் போலிருக்கு. கொஞ்சம் இறுக்கமா இருக்கும், நடக்க நடக்கச் சரியாயிரும். ஒரு கால்லயே நாலு பக்கிள், கீழ இருந்து மேல போடணும். ம், அப்படித்தான். அன்னிக்கு அவரு வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு, ரெடியாம்மான்னு என்னைப் பார்த்துக் கேட்டப்ப நான் ரெண்டாவது பக்கிள்ல இருந்தேன். நாலு அடி தூரம்தான். மறக்கலம்மா. ம்னு சொல்லிட்டு, குனிஞ்சு மிச்சம் ரெண்டையும் போட்டு முடிச்சேன்.