வாங்கினபடியே திருப்பிக் கொடுத்த வண்டி

பழைய சாமான் வாங்குவதில் ஒரு கேவலமும் இல்லை. எங்கள் வீட்டு கிரைண்டர் பழையது, பீரோ பழையது, நான் கட்டியிருக்கிற கைக்கடிகாரம் என் மைத்துனர் கட்டி அலுத்தது. எல்லாம் நன்றாகத்தான் உழைக்கின்றன. பொருள் பழசாக இருக்கலாம், விற்கிறவன் பேச்சு மட்டும் நேராக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் சத்தியவேட்டுக்காரர், தமிழ் படிப்பீர்கள் என்று ஏட்டு சொன்னார். அதனால் தமிழிலேயே எழுதித் தருகிறேன். என் பெயர் ஸௌரிராஜன், வயது நாற்பத்தேழு, பிறந்து வளர்ந்தது திருப்பதி. அண்ணா திருமலையில் பெருமாள் கைங்கரியத்தில் இருக்கிறார். எனக்குப் பிரபந்தம் நாக்கில் நிற்கவில்லை. ரேணிகுண்டா ரோட்டில் தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நான் பார்த்துப் பச்சைச் சீட்டு ஒட்டிய மோட்டார் ஒன்றுகூடப் பழுதென்று திரும்பி வந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே.

யஸ்வந்த் அதே கம்பெனியில் மோட்டார் பூட்டுகிறவன். நகரிக்காரன், முப்பத்திரண்டு வயது, வாய் ஓயாது. அவன் தமிழில் பாதி தெலுங்காக இருக்கும். அதையும் நான் குற்றமாகச் சொல்லவில்லை, இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். சித்தூரில் இருக்கும் அவன் அக்காவின் ஸ்கூட்டர் விலைக்கு வருகிறது என்றான். பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த வண்டி, ஒருநாள்கூடக் கீழே விழாத வண்டி என்று கற்பூரம் அணைக்காத குறையாகச் சொன்னான். என் மனைவி பெருந்தேவி கோவிலுக்கும் கடைக்கும் போய்வர ஒரு வண்டி தேவைப்பட்டது. வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பிரேக் கேபிள் மாற்ற வேண்டுமா என்று.

"அவசரம் இல்ல சாமி," என்றான்.

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தமிழில் அவசரம் என்றால் அவசரம். யஸ்வந்த் எதைத் தமிழில் பேசினாலும் இந்த ஒரு வார்த்தை அவனுக்குத் தெலுங்கிலிருந்துதான் வரும். 'ஸ்பேனர் அவசரமா' என்று அவன் கேட்டால் ஸ்பேனர் வேண்டுமா என்று அர்த்தம். நாலு வருஷம் அவனோடு வேலை செய்தவனுக்குத் தெரியாதா? ஆக, கேபிள் மாற்றத் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் பெருந்தேவி பிரேக்கைப் பிடித்தாள், வண்டி நிற்கவில்லை. பூக்காரியின் தள்ளுவண்டியில் போய் மோதி வலது மணிக்கட்டு உடைந்தது. சந்திரகிரி ரோட்டு மெக்கானிக் நாராயணசாமி வண்டியைக் கழற்றிப் பார்த்தார். முன்பக்கம் முழுக்க ஏதோ ஒரு விபத்தில் வளைந்து, நிமிர்த்தி, மேலே பெயிண்ட் அடித்தது. முன் பிரேக், பின் பிரேக் இரண்டின் கேபிளும் உள்ளே துருப்பிடித்து நாலைந்து இழையில் நின்றுகொண்டிருந்தன. அவர் புதிது போட்டுவிட்டுப் பழையவற்றை என் கையில் கொடுத்தார்.

"இத்த வெச்சுக்கினு சமதரையில ஓட்டலாம் சாமி. மலையில எறக்கினா முடிஞ்சுது," என்றார்.

நான் யஸ்வந்திடம் நிதானமாகத்தான் பேசினேன். சாப்பாட்டு நேரம், கேண்டீனில் நாற்பது பேர். அவன் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டான். அக்கா விழுந்தது அவனுக்கே தெரியாதாம். கேபிள் விஷயத்துக்கு மட்டும் பதில் தயாராக வைத்திருந்தான்.

"நான் தமிழன் சாமி. தமிழ்லதான் சொன்னேன். அவசரம் இல்லன்னா மெதுவா மாத்திக்கோன்னு அர்த்தம். நீங்க தெலுங்குல கேட்டுக்கினா நான் இன்னா பண்றது?"

கேண்டீனே சிரித்தது. தண்ணீர் ஊற்றுகிற சந்திரம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மறுநாளிலிருந்து எனக்கு 'அவசரம் சாமி' என்று பெயர். பச்சைச் சீட்டுக்கு வருகிறவன்கூட 'அவசரமா சாமி' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வான். இருபத்திரண்டு வருஷமாக என் கையெழுத்துக்கு இருந்த மரியாதை ஒரு டிபன் டப்பா தயிர்சாதத்தில் போயிற்று. எனக்கு அது பொறுக்கவில்லை. பெருந்தேவியின் மணிக்கட்டைவிட அதுதான் எனக்கு வலித்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. மேனேஜர் மனோரமா மேடத்திடம் முறையாக எழுதிக் கொடுத்தேன். அவர் இருவரையும் கூப்பிட்டு ஐந்து நிமிஷத்தில் முடித்துவைத்தார். யஸ்வந்த் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் வண்டியை வாங்கினபடியே கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் தலையாட்டினோம்.

'வாங்கினபடியே' என்பது மேடம் சொன்ன வார்த்தை, என்னுடையதல்ல. ஒரு வேலையை ஒப்புக்கொண்டால் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. பெருந்தேவி முன்னால் ஒட்டியிருந்த திருநாமத்தைச் சுரண்டி எடுத்தேன். புது சீட் கவரைக் கழற்றிப் பழையதை மாட்டினேன். பிறகு கேபிள். அவை புதியவை, நான் போட்டவை, அவனிடமிருந்து வாங்கியவை அல்ல. பழையதைத் திரும்பப் போட்டுத் தரும்படி நாராயணசாமியைக் கேட்டேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து போட்டேன். இரண்டு மணி நேர வேலை. இழை பிரியாமல் கவனமாகப் பூட்டி, எங்கள் தெருவில் நாலு தரம் ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகப் போனால் நின்றது.

திங்கட்கிழமை காலை யஸ்வந்த் தன் மனைவி ஸ்வர்ணலதாவோடு வந்தான். அன்று அவர்களுடைய கல்யாண நாள். வண்டியை எடுத்துக்கொண்டு அப்படியே மலைக்குப் போய் முடி காணிக்கை கொடுத்துவிட்டு வரப்போவதாகச் சொன்னான். சாமிக்குக் கோபம் தணிந்ததா என்று கேட்டு என் தோளைத் தட்டினான். நான் சிரித்தேன். பெருந்தேவி கட்டுப்போட்ட கையோடு காபி கொடுத்தாள், அவன் உள்ளே உட்கார்ந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். உண்மையாகத்தான் கேட்டான் என்று நினைக்கிறேன். வாசலில் ஸ்வர்ணலதா பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். லூசாக இருக்கிறதே, மலைக்குப் போவதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டுமா என்று என்னைக் கேட்டாள்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் மூன்று தரம் கேட்டீர்கள். அவசரம் இல்லை என்றேன்.

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளச் சொன்னேன், சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். இதில் எல்லாம் நான் கவனமாக இருப்பேன்.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. ஏற்றத்தில் பிரேக்குக்கு என்ன வேலை? முடி கொடுத்தார்கள், தரிசனம் ஆயிற்று, லட்டு வாங்கினார்கள். இறங்கும்போது ஒரு வளைவில் முதலில் ஒரு கேபிள் போயிருக்கிறது, அடுத்த வளைவில் மற்றது. சுவரில் மோதி யஸ்வந்த் அந்த இடத்திலேயே போய்விட்டான். ஸ்வர்ணலதாவுக்கு இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று டாக்டர் சொன்னார். நான் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் நிலையில் யாருக்கும் வருத்தம் இருக்கத்தான் செய்யும்.

காட்டத் தேவையில்லை என்று நான் சொன்னதாக அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவள் காதில் அப்படி விழுந்திருக்கிறது, அதற்கு நான் பொறுப்பாக முடியாது. நான் தமிழன். அவசரம் இல்லை என்றால் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அர்த்தம். நாற்பது பேர் முன்னால் இதைத் தீர்த்துவைத்தவனே அவள் புருஷன்தான். கம்பெனி முழுக்க அதை ஏற்றுக்கொண்டு சிரித்தது. அன்று அவன் சொன்னது பொய்யில்லை என்றால் இன்று நான் சொன்னதும் பொய்யில்லை. இதில் நியாயத்துக்கு விரோதமாக ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். மேலே நாங்கள் பேசியதை எல்லாம் தமிழில் எழுதியிருக்கிறேன். ஸ்வர்ணலதா மதனபள்ளியில் பிறந்தவள், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவள் தெலுங்கில்தான் கேட்டாள். நானும் தெலுங்கில்தான் பதில் சொன்னேன்.