இரண்டு அறைகளுக்கும் மருந்து

விஜிதா: ...கையை நீட்டுங்கோ அக்கா, பிறஷர் பாக்கிறன். மாத்துச் சேலை கொண்டு வந்தனீங்களோ?

ரெங்கம்மா: ஆ... பையில இருக்கு மிஸி. எங்க ஸ்பிரிங்வெளி தோட்டத்து பஸ்ஸு பதினொரு மணிக்குத்தானே?

விஜிதா: இண்டைக்குக் கட்டில்ல படுக்கப் போறவவுக்கு பஸ் எதுக்கு?

ரெங்கம்மா: சும்மா கேட்டேன்... போன மாசமும் இப்படித்தான் பிறஷர் பாத்தீங்க, மயக்க மருந்து குடுத்தீங்க. முழிச்சுப் பாத்தா, சரிவரலன்னு அனுப்பிட்டீங்க.

விஜிதா: கதிர் மருந்து வைக்கிற குழாய் ஒண்டுதான் இருந்தது. உங்களுக்குக் கருப்பை ரெண்டு. ஒண்டுக்குள்ள மட்டும் வைச்சால் மற்றப் பக்கத்தில புற்று திரும்ப வளரும்.

ரெங்கம்மா: ரெண்டு! லயத்து வீடுகள்ல இருவது வருசமா மலடின்னாங்க. ஒண்ணுமே இல்லன்னு நெனச்ச எடத்துல சாமி ரெண்டு வச்சிருக்கு பாருங்க.

விஜிதா: சிரிக்கிறியள்... நல்லது.

ரெங்கம்மா: அழுதா ஒண்ணு கொறையுமா? ...அது என்னா மிஸி, நான் வந்ததுலேருந்து அந்தப் பைய மடியிலேயே வச்சிருக்கீங்க?

விஜிதா: அது... பிறகு. முதல்ல இதைப் பாருங்கோ. உங்களுக்கெண்டு புதுசாச் செய்த கருவியின்ர மாதிரி உரு, மெழுகில செய்தது.

ரெங்கம்மா: கவட்டக் குச்சியாட்டம் இருக்கே!

விஜிதா: ஓம், ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு குழாய். டொக்டர் வீரசிங்கம் படம் கீறிக் கீறி அழிச்சார். சோத்துப் பார்சல் சுத்தின தாளையும் விடேல்ல.

ரெங்கம்மா: செஞ்சது யாரு, அவரேவா?

விஜிதா: கீழ்மாடியில பொய்ப்பல் செய்யிற பலீல் நானா.

ரெங்கம்மா: ஆத்தாடி! பல்லு செய்யிறவரா? உள்ள போய்க் கடிச்சிறாதே?

விஜிதா: ஐயோ அக்கா... சிரிப்புக் காட்டாதேங்கோ, பிறஷர் ஏறுது. பல்லுக்கட்டு செய்யிற அதே சாமான்தான். குழாயளை அசையாமல் பிடிச்சிருக்கும். நோன்போட இருந்து மூண்டு தரம் செய்தவர். எங்கயும் உரசக்கூடாதெண்டு விளிம்பைத் தன்ர கன்னத்தில தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தார்.

ரெங்கம்மா: என்னைய அவருக்குத் தெரியாதே...

விஜிதா: பேரும் கேக்கேல்ல. 'அந்தப் புள்ளைக்கு நோவாதுன்னு சொல்லுங்க மிஸி' எண்டவர்.

ரெங்கம்மா: புள்ளையா! நாப்பத்தெட்டு வயசாச்சு எனக்கு...

விஜிதா: என்ன அக்கா... கண் கலங்குது?

ரெங்கம்மா: கொழுந்துக் கூடைகூட எல்லாருக்கும் ஒரே அளவுதான் மிஸி. தலையில மாட்டுற கயிறு எட்டலன்னா நாமதான் குனியணும். எனக்குன்னு அளவெடுத்து இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் செஞ்சதில்ல.

விஜிதா: இப்ப செய்தாச்சு.

ரெங்கம்மா: சொகமாயிருமா?

விஜிதா: டொக்டருக்கு நம்பிக்கை இருக்கு. மிச்சம் கடவுள். நீங்கள் நாளைக்குப் பின்னேரம்வரை அசையாமல் படுக்க வேணும், அவ்வளவுதான்.

ரெங்கம்மா: ...படுக்குறேன். ஆனா, ஒரு பொய் சொல்லிட்டேன் மிஸி. பையில மாத்துச் சேலை இல்ல. இனிமே ஒண்ணும் வேணாம்னு டொக்டரய்யாகிட்ட சொல்லிட்டு, அந்தப் பதினொரு மணி பஸ்ஸுல திரும்பிறலாம்னுதான் வந்தேன்.

விஜிதா: தெரியும் அக்கா. போன மாதம் போகேக்க உங்கட தேத்தண்ணிக் கோப்பையைப் பக்கத்துக் கட்டில் கருப்பம்மாவுக்குக் குடுத்திட்டெல்லோ போனனீங்கள்? திரும்பி வரப் போற ஆள் கோப்பையைக் குடுக்குமோ... இந்தாங்கோ, இந்தப் பையைப் பிடியுங்கோ. என்ர சேலைதான். ரெண்டு இருக்கு.