பின்வார்டில் எல்லோரும் என் சொந்தக்காரர்கள்

சைகோனில் ஒற்றைப் பசுவோடு பால் வியாபாரம் தொடங்கினேன். பன்னிரண்டு மாடு ஆக்கினேன். தகரக் கொட்டகை போட்டேன். அதை ஒட்டிச் செங்கல் வீடு கட்டினேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. யாரும் என்னைக் கைதூக்கி விடவில்லை. பிறகு புதுச்சேரி வந்து, அரசாங்க ஆஸ்பத்திரியின் பின்வார்டில், செங்கல் இல்லாமல் ஒன்று கட்டினேன். அந்த வார்டுக்குத்தான் இப்போது நர்ஸ் ஆல்பேர் பெயரில் கல்வெட்டு வைக்கப் போகிறார்கள். ஆல்பேர் பெயர் மட்டும். அதனால் எழுதுகிறேன்.

1975. ஏப்ரல் கடைசி. விடிகிற நேரம். சைகோனில் ராக்கெட் விழுகிறது. முதலில் சீழ்க்கை. பிறகு சத்தமே இல்லை. அதுதான் பயம். பிறகு தரை தூக்கிப் போடும். "படு, படு, சுவத்த விட்டுத் தள்ளிப் படு" என்று தெருவில் யாரோ தமிழில் கத்துகிறார்கள். நான் மாடுகளை அவிழ்க்க ஓடுகிறேன். என் மனைவி செல்லம்மாள் பின்னாலேயே ஓடி வருகிறாள். சீழ்க்கை. கொட்டகை இல்லை. மாடுகள் கத்தவில்லை. செல்லம்மாள் கத்துகிறாள். தொடையில் இரும்புத் துண்டு.

தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். வழியில் மறுபடியும் சீழ்க்கை. அவளைக் கீழே கிடத்தி அவள் மேல் நான் படுத்தேன். எழுந்து ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் ஆல்பேர் நர்ஸாக இருந்தான். எங்கள் தெருக்காரன். சொல்தா வீட்டுப் பிள்ளை. அதாவது அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவனுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அந்தக் குடியுரிமைத் தாளில் என் அப்பா கையெழுத்துப் போடவில்லை. எனக்குக் கிடையாது. ஆல்பேர் இரும்பை எடுத்தான். கட்டுப் போட்டான். நல்ல கை. அதை மறுக்க மாட்டேன். செல்லம்மாள் கண்ணைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "இந்தப் புள்ள கை பட்டா வலியே தெரியலங்க."

சுமந்து வந்த நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

1976. விமானத்தில் மெட்ராஸ். பஸ்ஸில் புதுச்சேரி. முதலியார்பேட்டையில் ஒரு வாடகை அறை. செல்லம்மாளின் காயம் ஆறவில்லை. எலும்பில் சீழ். பின்வார்டில் சேர்த்தேன். ஆல்பேரும் அங்கே வந்து சேர்ந்திருந்தான். பிரான்ஸ் போகிறவரை தற்காலிக வேலை.

அந்த வார்டு இப்போதும் கண்ணில் நிற்கிறது. நடுவில் ஒரு தட்டி. இந்தப் பக்கம் பெண்கள். அந்தப் பக்கம் ஆண்கள். ஒரு கட்டிலில் இரண்டு பேர். கட்டிலுக்கு அடியில் ஒருவர். சைகோனிலிருந்து வந்தவர்கள் காய்ச்சலோடும் இருமலோடும் வந்துகொண்டே இருக்கிறார்கள். நர்ஸுகள் குவைத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். போனவர்கள் இடத்துக்கு ஆள் வரவில்லை. பெரிய சிஸ்டர் ஒருவரே காலையிலும் நிற்பார், மாலையிலும் நிற்பார். கால் வீங்கி செருப்பு நுழையாது. வெறுங்காலோடு நடப்பார்.

நம் ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம். நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் இருக்க வேண்டும். கஞ்சி ஊட்ட. எக்ஸ்ரேவுக்குத் தூக்கிப் போக. குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்தால் கத்த. சைகோன்காரனுக்கு ஆள் ஏது? பெண்டாட்டி பிள்ளைகள் பிரான்ஸில். உள்ளூர்ச் சொந்தமோ, வீட்டில் பங்கு கேட்பான் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவருக்கு பாட்டில் தீர்ந்தது. கத்த ஆளில்லை. நான் கத்தினேன்.

மறுநாளே கிளம்பினேன். அறைகளில் சும்மா கிடந்த சைகோன்காரர்களை எழுப்பினேன். மில் வாசலில் நின்று ஷிப்ட் முடிந்து வந்தவர்களைப் பிடித்தேன். ஆளுக்கு மூன்று கட்டில் என்று பிரித்துவிட்டேன். சொந்தக்காரர்களை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். அதற்கும் நானே வழி சொன்னேன். "சித்தப்பான்னு சொல்லு. மச்சான்னு சொல்லு. சிரிக்காம சொல்லு." மில்காரன் கோவிந்து ஒரே வார்டில் ஒரு கிறிஸ்தவப் பெரியவருக்குத் தம்பி. ஒரு முஸ்லிம் வியாபாரிக்கும் தம்பி.

சிஸ்டர் கேட்டார். "ஏன் கோவிந்து, உங்கம்மா எந்தெந்தக் கோயிலுக்கு வேண்டிக்கிட்டாங்க?"

"ஒன்னயும் விடல சிஸ்டர்."

சிஸ்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆள் வேண்டும் அவருக்கு. வேறெதுவும் கேட்கவில்லை.

ஆல்பேர் ஊசியோடு வருவான். வார்டு முழுக்க முகம் மலரும். "ஆல்பேர் தம்பி, ஆல்பேர் தம்பி." அந்த ஆட்களின் மலத்தை அள்ளிய நானும் அங்கேதான் நிற்பேன். செல்லம்மாள் அவனுக்கென்று ஆரஞ்சுச் சுளை எடுத்து வைத்திருப்பாள். ஆரஞ்சு வாங்கி வந்தவன் நான். வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

1977. ஆல்பேருக்கு டிக்கெட் வந்துவிட்டது. எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனான். வார்டே அழுதது. செல்லம்மாளும் அழுதாள். எனக்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அடுத்து இரண்டு நர்ஸுகள் போனார்கள். சிஸ்டர் ஊசி போட்டுக்கொண்டு இருந்தபடியே சரிகிறார். நான் பிடிக்கிறேன். கோவிந்து இருமுகிறான். கர்ச்சீப்பை மறைக்கிறான். செல்லம்மாளுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. கதவையே பார்க்கிறாள்.

"ஆல்பேர் வந்துட்டானா?"

"வந்துக்கிட்டு இருக்கான்" என்றேன்.

அவள் கையை நான் பிடித்திருந்தேன். யார் கை என்று நினைத்துப் போனாளோ தெரியாது. என் கை.

பிரான்ஸிலிருந்து ஆல்பேர் வார்டுக்கு இரும்புக் கட்டில்கள் அனுப்பினான். இப்போது எண்பதுகளின் கடைசியில் ஊருக்கு வந்திருக்கிறான். கோட்டு. மாலை. போட்டோ. கல்வெட்டுக் கமிட்டிக்காரரிடம் போய் எல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"நீங்க உங்க சொந்தக்காரங்களத்தான பாத்துக்கிட்டீங்க பெரியவரே? அது எல்லாரும் செய்யறதுதான."

சொந்தம் என்று சொல்லவைத்தவனே நான். ஆஸ்பத்திரி நம்பிவிட்டது. ஊரும் நம்பிவிட்டது. பிழைத்தவர்களில் பலர் பிரான்ஸ் போய்விட்டார்கள். அவர்களும் நர்ஸுக்குத்தான் நன்றி சொல்வார்கள். சித்தப்பாவுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்? செல்லம்மாளைத் தவிர அந்த வார்டில் ஒருவரும் என் சொந்தமில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

போனவை இவை. சைகோனில் மாடுகள். கொட்டகை. வீடு. புதுச்சேரியில் செல்லம்மாள். கோவிந்து, அவன் பார்த்துக்கொண்ட அதே வரிசைக் கட்டிலில். அதே இருமலில் இன்னும் இரண்டு மில்காரர்கள். நின்று நின்றே போன பெரிய சிஸ்டரின் இடுப்பு, அவர் இனி நிமிர்ந்து நடக்கமாட்டார். தம்பி என்றும் மச்சான் என்றும் சொல்லி நாங்கள் உடலை வாங்கிப் புதைத்தவர்களும் எரித்தவர்களும் பதினேழு பேர். அந்தப் பதினேழு பேரில் ஒருவரும் ஆளில்லாமல் சாகவில்லை.

ஆல்பேர் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அதே கல்லில் கோவிந்து பெயரையும் வெட்டுங்கள். மற்ற இரண்டு மில்காரர்கள் பெயரை நான் வந்து சொல்கிறேன், வெட்டுங்கள். என் பெயரையும் வெட்டுங்கள். ஆல்பேருக்குக் கீழே வேண்டாம். பக்கத்தில். அதே அளவு எழுத்தில்.

குப்புசாமி.