மாடிப் பலகையில் ஒரு துளை

ஐயையோ, அந்த நோட்டீஸைக் கதவுல ஒட்டாதீங்க சார்! மேல்தளம் உதிருதுன்னு நூலகத்தையே மூடுறதா? மலாக்காவுல எத்தனை மழை பார்த்த வீடு இது! நீங்க என்னடான்னா நகராட்சியிலேர்ந்து மஞ்சத் தொப்பியை மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறீங்க. பத்து வருஷமா கூட்டித் துடைக்கிறவ நான், கியோக் நியோ. எனக்குத் தெரியாம ஒரு துளி சுண்ணாம்பு உதிருமா?

ரப்பர் வியாபாரி சீ ஹூன் போக் கட்டின வீடு சார். அவருக்குப் பதினோரு பொண்ணுங்க! ஆமா, பதினொண்ணு! அதுக்குத்தான் வாசல் கூடத்துக்கு நேர் மேல, மாடிப் பலகையில அந்தத் துளை. மாப்பிள்ளை கீழ உட்கார்ந்து டீ குடிப்பாரு. பொண்ணுங்க மேல குப்புறப் படுத்துக்கிட்டு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு... மண்டையில முடி இருக்கா இல்லையான்னு பார்க்காம எப்படி சார் சம்மதிக்கிறது?

கடைக்குட்டி மட்டும் பதினேழு பேரைப் பார்த்துட்டு, ஒருத்தனும் வேணாம்னுட்டா. அப்புறம் ரப்பர் விலை விழுந்துச்சு, ஜப்பான்காரன் வந்து சமையற்கட்டு வரைக்கும் சைக்கிள் ஓட்டினான்... எல்லாம் ஓய்ஞ்சப்புறம் அவதான் வீட்டை ஊருக்கு எழுதி வச்சா. படிக்க வர்றவங்களுக்குக் கதவைச் சாத்தக் கூடாதுன்னு ஒரே நிபந்தனை. என் மகன் எழுத்துக் கூட்டினதே அந்த ஜன்னலோரம்தான். அதைப் போய் மூடுறேங்கிறீங்களே!

புகார் எழுதினது அந்த ஸ்கூல் வாத்தியார்தானே? தினம் நாலு மணிக்கு வாசல் கூடத்துல அதே நாற்காலி. நல்ல மனுஷன்தான்... உச்சந்தலையில மட்டும் இருபது சென் காசு அகலத்துக்குச் சொட்டை. என் நாத்தனார் சியூ கிம்முக்கு வரன் தேடுறோம், அவ அதெல்லாம் பரவாயில்லைன்னுட்டா... என்ன சார் அப்படிப் பார்க்கிறீங்க? உச்சந்தலை எனக்கு எப்படித் தெரியும்னா... அது வந்து...

சரி, அந்தக் கவர்ல என்ன? அவர் தலையில விழுந்த மஞ்சத் தூளா? பரிசோதனைக்கா! வேணாம் சார், நாக்குல வச்சுப் பாருங்க. அட, வைங்க! ...இனிக்குதா? வெண்ணெய் வாசனை வருதா? நான் சுட்ட அன்னாசி டார்ட்! குப்புறப் படுத்துக்கிட்டுத் தின்னா உதிராம என்ன செய்யும்? வீடு உதிரல சார், நான்தான் உதிர்த்தேன்!

சிரிக்கிறீங்க... நோட்டீஸையும் மடிச்சுப் பையில போட்டுட்டீங்க! மகராசனா இருங்க!

ஆமா... உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? இல்லையா? வாத்தியார் இன்னும் பிடி கொடுக்கல, அதான்... அந்தத் தொப்பியைக் கொஞ்சம் கழட்டுங்களேன்... சார்! சார்! குடையை விட்டுட்டு ஓடுறீங்களே!